கிம்ச்சியின் கூண்டுக்கு வந்த செம்பருத்தி

என் பெயர் க்ளாரிஸ் தகுஷி. வயது நாற்பத்தொன்பது. ஹவாயின் ஓவாஹு தீவு, கானெயோஹேயில் மலையடிவாரத்துக் கடைசித் தெருவில் தனியாக வசிக்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என்மீது இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. இன்று காலை தேவாலயச் செடி விற்பனையின் வாசலில் என் வண்டியைக் குறுக்கே நிறுத்தியதும், செம்பருத்தித் தொட்டி ஒன்றைக் கேட்காமல் தூக்கியதும் நான்தான். மறுக்கவில்லை. ஏன் என்று ஒருவராவது கேட்டிருந்தால் இந்தக் காவல் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். மேற்படி தொட்டி இப்போது அதிகாரி கஹலேவாயின் மேசையில் உள்ளது. அவர் அனுமதியோடு, என் பையிலிருந்து எடுத்து வைத்த பீநட் பட்டரைச் சாப்பாட்டுக் குச்சி ஒன்றில் தடவி அதில் செருகியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

என்னிடம் மூன்று கொம்புள்ள ஆண் பச்சோந்தி ஒன்று உள்ளது. பெயர் கிம்ச்சி. எங்கள் பக்கத்து மரங்களில் தானாகத் திரிகிற இனம்தான். நான் வேலை முடிந்து வந்தால் அதற்கு ஒரு கண் என்மேல், மறு கண் பூச்சி டப்பாவின்மேல். அந்த வீட்டில் என்னைத் திரும்பிப் பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

போன மாதம் அதற்குப் பெரிய வலைக்கூண்டு வாங்கினேன். பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும், சமயத்தில் இலையையும் கடித்துவிடும். ஆகவே உயிருள்ள செடி வேண்டும், அதிலும் விஷமில்லாததாக வேண்டும். அரளியை ஒதுக்கினேன். பால் வடிகிற கள்ளியையும் குரோட்டன்ஸையும் ஒதுக்கினேன். செம்பருத்தி என்றால் இலை, பூ எதைத் தின்றாலும் பயமில்லை. ஆனால் கடைச் செடிகளில் பூச்சிமருந்து ஊறியிருக்கும் என்பதால் கடையிலும் வாங்கவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டு வெர்னா பிமென்டெல் ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரே ஒரு தொட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார்.

"என் கொல்லையில ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல, க்ளாரிஸ். உன் கிம்ச்சி வேரோட தின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

எங்கள் ஊரில் புதிதாக எந்தச் செடி வந்தாலும் குச்சியில் பீநட் பட்டர் தடவித் தொட்டியில் செருகி, ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். குட்டி நெருப்பெறும்பு இருந்தால் ஏறிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ரவையளவு எறும்புதான், ஆனால் கண்ணில் கொட்டினால் பிராணிகளுக்குப் பார்வை போய்விடும். இருந்தாலும், ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அவர் செடியில் குச்சியைச் செருகுவது, உன் வீடு சுத்தமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். எங்கள் தெருவில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். நானும் செய்யவில்லை. அவர் கையில் ஒரு பை நிறைய லிச்சிப்பழம் கொடுத்தனுப்பினேன். அதன் பிறகு இலைகளைத் துடைத்துச் செடியைக் கூண்டுக்குள் வைத்தேன்.

சில நாட்களில் கிம்ச்சி இடது கண்ணைத் திறக்கவில்லை. அதன் பிறகு வெட்டுக்கிளியைக் குறிவைத்து நாக்கை வீசியது, நாக்கு பக்கத்து வலையில் போய் ஒட்டியது. மறுபடி வீசியது. மறுபடியும் வலைதான். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இடது விழி வெளுத்துவிட்டது, இனித் தெளியாது, வலது கண்ணிலும் கொட்டியிருக்கிறது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் செம்பருத்தியில் குச்சி செருகினேன். ஒரு மணி நேரத்தில் எறும்பு மொய்த்துப் பீநட் பட்டரே தெரியவில்லை.

அதன் பிறகு, அதாவது நேற்று மாலை, வெர்னா ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன்.

"ஆன்ட்டி, நாளைக்குச் சர்ச்சுல விக்கப்போற தொட்டியெல்லாம் உங்க கொல்லையில வளர்ந்ததுதானே? ஒரு தடவ குச்சி வெச்சுப் பார்த்துடலாம். நானே வந்து செய்யுறேன்."

"ஓணானுக்குக் கண்ணு வலிச்சா என் செம்பருத்தி மேலயா பழி போடுவ? போ, போய் வேற வேலையப் பாரு" என்று கதவைச் சாத்தினார்.

இன்று காலை விற்பனை தொடங்குமுன்பே போய்த் தொட்டிகளில் குச்சிகளைச் செருகினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வெர்னா ஆன்ட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார். "நல்லா பாருங்க, ஒரு எறும்பாச்சும் இருக்கா? ஓணானுக்கு அம்மாவானதுலேர்ந்து இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். "அது மெதுவாத்தான் ஏறும், ஒரு மணி நேரம் விட்டுத் தொலைங்களேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகு ஒருவர் இரண்டு தொட்டிகளைத் தன் காரின் பின்னிருக்கையில் ஏற்றினார். அங்கே ஒரு நாய் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ, அதற்கும் இரண்டு கண் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. வண்டியை வாசலுக்குக் குறுக்கே போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதிகாரி கஹலேவாய் வந்து, "மொதல்ல வண்டிய எடுங்கம்மா, எறும்பப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார். எடுத்தேன். நாய் இருந்த கார் என் கண்ணெதிரே போனது. மற்றவையும் போயின. கையில் கிடைத்த ஒரு தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு இவருடைய வண்டியில் ஏறினேன்.

இதுவரை சொல்லி முடித்தபோது அதிகாரி எழுதுவதை நிறுத்தி, நாற்காலியை மேசையிலிருந்து பின்னால் தள்ளினார். குச்சியின் நுனி முழுதும் செம்மஞ்சளாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் தொட்டியை அப்படியே ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, புகார் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெர்னா ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். கதவு திறந்திருந்ததால் நானும் பார்த்தேன். ஆன்ட்டி பையை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டார்.

"இடது. வலதும் சந்தேகந்தான், ஆன்ட்டி" என்றேன்.

செடிகளை வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று வெர்னா ஆன்ட்டிக்குத் தெரியும். அவர்களுக்கு உடனே சொல்ல வேண்டும், முதலில் அந்த நாய்க்காரருக்கு. என்னையும் பொழுது சாய்வதற்குள் விட வேண்டும், கிம்ச்சிக்கு இனி நான்தான் இடுக்கியால் ஊட்ட வேண்டும். எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) க்ளாரிஸ் தகுஷி