கிழக்குக் கொட்டகைக்குச் சொல்லாதது

பல் துலக்குவதைப் பற்றி என்னால் அரைமணி நேரம் சலிக்காமல் பேச முடியும். வேப்பங்குச்சி, உப்பு, கரித்தூள், ஈறு வீக்கம் என்று வரிசையாகச் சொல்வேன். கேட்பவர்கள் நடுநடுவே சிரிக்கவும் செய்வார்கள். தோல் பதனிடும் பேரணாம்பட்டு டேனரியின் கிழக்குக் கொட்டகையில் அன்று நான் பேசியது அதைத்தான். சப்-இன்ஸ்பெக்டர் ராமமூர்த்திக்கு இதிலிருந்து தொடங்குவது பிடிக்கவில்லை. "செத்துப்போனவளப் பத்திச் சொல்லு வாத்தியாரே" என்கிறார். நான் சொல்வதே அவளைப் பற்றித்தான். காது கொடுத்துக் கேட்காதவருக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. ஆகையால் மாஜிஸ்டிரேட் அவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் கற்பிக்கிறேன். இந்தப் பக்கத்தில் அதை ஜோசியத்துக்குத் தம்பி என்று நினைக்கிறார்கள். கல்யாணம் எப்போது கூடும் என்று என்னிடமே கையை நீட்டியவர்கள் உண்டு. எரிச்சலாக வரும். நாங்கள் செய்வது எளிய காரியம். ஒன்று இப்படி இருக்கலாம் என்று தோன்றினால் அதை நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கிறோம். சோதிக்கும்வரை அதன் பெயர் கருதுகோள். கருதுகோள் என்பது தெரிந்த விஷயம் அல்ல. இதை மட்டும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேனரி முதலாளி அப்துல் சமத் சாயபு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வடக்கேயிருந்து காய்ந்த தோல் நிறைய வந்திருந்தது. அடைப்பான் நோயில் செத்த மாடுகளின் தோலும் அதில் கலந்திருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். அந்த நோய் தோலிலிருந்து மனிதருக்கும் தொற்றும்.

"நான் சொன்னா ஜனங்க தலைய ஆட்டிட்டுப் போய்ட்றாங்க வாத்தியார் சாப். நீங்க படிச்சவரு. புரியற மாதிரி எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உடம்பில் காயம் இருந்தால் துணி கட்டாமல் தோலைச் சுமக்கக் கூடாது. கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. நடுவில் கறுத்த கொப்புளம் கண்டால் அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அங்கே ஊசி இருக்கிறது. இதை நான் மேற்குக் கொட்டகையில் இருந்த பாதிப் பேருக்கு மட்டும் சொன்னேன். எல்லோரிடமும் பேசியாயிற்று என்று சாயபுவிடம் தெரிவித்தேன். பேசியது உண்மைதான்.

ஏன் பாதிப் பேர் என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம், பாதிரிமார், சர்க்கார் எல்லோரும் ஜனங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சொன்னதால் யாராவது மாறினார்களா என்று இந்த ஜில்லாவில் ஒருவராவது பார்த்ததுண்டா? பார்க்க வேண்டுமானால் சொல்லப்படாதவர்களும் வேண்டும். அவர்களுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். மற்றதெல்லாம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே குரல், அதே நேரம், அதே வேடிக்கைப் பேச்சு. கிழக்குக் கொட்டகையில் ஒன்றுமே பேசாமல் விட்டிருந்தால், நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்ற மனத்தாங்கலே ஒரு வித்தியாசமாகிவிடும். அதற்காகத்தான் பல் துலக்கல். சூட்டிகையானவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் இருக்க, பெயர்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். யார் எந்தக் கொட்டகை என்பதில் என் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை.

இவ்வளவு யோசித்துச் செய்ததை ஜனங்கள் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாட்டு வேளையில் இரண்டு கொட்டகைப் பெண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். மேற்கில் சொன்னது கிழக்குக்குப் போய்விட்டால் அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? மேஸ்திரி குர்ஷித்திடம் நெரிசல் என்று சொல்லி, சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து வைத்தேன். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை.

பூவம்மாள் கிழக்குக் கொட்டகையில் தோல் சுமப்பவள். ஒருநாள் நான் போனபோது வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், அந்தக் கொட்டாயில நோவு பத்தி இன்னாவோ சொன்னீங்களாமே. எங்களுக்குப் பல்லு வெளக்கத்தான் சொன்னீங்க. இது இன்னா சார், பாருங்க" என்று முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

கொப்புளம். நடுவில் கறுப்பு. சுற்றிலும் வீக்கம்.

"வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"வலியே இல்ல சார். அதான் பேஜாரா கீது. வலிச்சாலாவது இன்னான்னு தெரியும். வேலூருக்குப் போணுமா சார்? ஒருநாள் கூலி போய்டும். நீங்க போன்னு சொன்னா போறேன்."

நான் சொன்னால் போயிருப்பாள். போய்த் திரும்பி வந்து கொட்டகை முழுக்கச் சொல்லியிருப்பாள். அன்றோடு கிழக்குக் கொட்டகை ஒப்பீட்டுக் குழுவாக இருக்காது; என் உழைப்பெல்லாம் பாழ். ஒருத்திக்காக விதியைத் தளர்த்துகிறவன் சோதனையில் இறங்கவே கூடாது என்று என் மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு பட்டிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவு" என்றேன்.

"அப்ப சரி சார்" என்று சுமையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கும் ஆறுதலாக இருந்தது.

அந்த வாரமே காய்ச்சலில் கழுத்தும் முகமும் வீங்கி இறந்துபோனாள். நான் இடுகாட்டுக்குப் போனேன். எனக்கு வருத்தம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்து மேற்குக் கொட்டகையில் ஒருவனுக்கு அதே கொப்புளம் வந்தது. அவன் உடனே வேலூர் போய் ஊசி போட்டுக்கொண்டு உயிரோடு திரும்பினான். எடுத்துச் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது. இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசக் காணோம். அவன் சொன்னதைக் கேட்ட குர்ஷித், இரண்டு கொட்டகையிலும் சத்தம் போட்டு எல்லோருக்கும் சொல்லி, மூன்று பேரை வேலூருக்கு வண்டியேற்றி, என் சோதனையை நடுவிலேயே குலைத்துப் போட்டான். பிறகு போலீஸுக்கும் போனான். அவன்மேல் எனக்கு இன்னும் ஆற்றாமை தீரவில்லை.

"தெரிஞ்சேதான வுட்ட?" என்று ராமமூர்த்தி திரும்பத் திரும்பக் கேட்கிறார். என்ன தெரிந்து? தோலில் நோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கொப்புளம் அதுவாக இருக்கலாம், சுண்ணாம்பாகவும் இருக்கலாம். ஆபத்து நிச்சயம் என்று தெரிந்திருந்தால் யாருக்காவது மறைப்பேனா? மறுபடியும் கருதுகோளை விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

நேற்றுதான் முதல் தடவையாகப் புத்தியுள்ள ஒரு கேள்வி கேட்டார். "உன் தம்பி ஆரோக்கியசாமியும் அங்கதான தோல் தூக்கறான்? அவன் எந்தக் கொட்டாய்?"

மேற்கு என்றேன்.

"சீட்டுல வுழுந்துச்சா?"

சீட்டில்தான் விழுந்தது. முதலில் குலுக்கியபோது கிழக்கில் விழுந்தது. பானையைச் சரியாகக் குலுக்கவில்லை என்று எனக்குப் பட்டது. எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டு, நன்றாகக் குலுக்கி மறுபடி எடுத்தேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பானைதான். அந்த முதல் தடவையில் பூவம்மாளின் சீட்டு மேற்கில் இருந்தது.