விடுதியிலிருந்து மொறிஸ் மைனர் எஞ்சினை எடுத்துச் சென்றது தொடர்பாக

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.50 மணி. முறைப்பாடு தொடர்பில் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவர் தமிழில் கூறியது தமிழிலேயே எழுதப்படுகிறது.

பெயர்: வீரகத்தி பிரியந்தினி. வயது: 43. தொழில்: பாடசாலை ஆய்வுகூட உதவியாளர். விலாசம்: வட்டக்கச்சி, கிளிநொச்சி.

மேற்படி விபரங்கள் சரி. திருமணமானவரா என்று கேட்கப்பட்டது. இல்லை. இதற்கும் முறைப்பாட்டுக்கும் தொடர்பில்லை என்று கூறுகிறேன். நான் என் தாயார் அழகம்மாவுடன் (வயது 74) மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன். என் மீது மூன்று விடயங்கள் கூறப்பட்டிருப்பதாக எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விடுதியிலிருந்து எஞ்சின் ஒன்றைத் திருடியது, விடுதியின் பூங்கன்றுகளை அழித்தது, என் தமையனார் ஜனார்த்தனனைத் தாக்கியது. முதலாவது பொய். இரண்டாவது அரைவாசி பொய். மூன்றாவது உண்மை.

அந்த எஞ்சின் இருந்த கார் 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இலக்கம் 1 ஸ்ரீ 6318. என் தகப்பனார் வீரகத்தி மீசாலையிலிருந்து வட்டக்கச்சிக்கு வந்து வயல் செய்த காலத்தில் ஒரு டொக்டரிடம் பழையதாக வாங்கியது. 2009 தையில் இடம்பெயர்ந்தபோது அதைக் கிணற்றடியில் விட்டுச் சென்றோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, காருக்குச் சில்லும் இல்லை. தகப்பனார் 2012 இல் காலமானார். அதன் பின்னர் ஆறு வருடங்கள் அந்தக் காரைப் பயன்படுத்தியவை கோழிகள் மட்டுமே.

2018 ஆம் ஆண்டு யூன் மாதம் என் தமையனார், வவுனியாவில் கடை வைத்திருப்பவர், பழைய இரும்பு வாங்கும் லொறி ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். நான் காருக்கும் லொறிக்கும் நடுவில் நின்றேன். அப்போது அவர், தாயாரும் லொறிக்காரரும் கேட்க, "உந்தக் கறளை வச்சு என்ன செய்யப் போறாய்? விருப்பமெண்டால் நீயே வச்சிரு. எனக்கு வேண்டாம்" என்று கூறினார். இந்தச் சொற்களை அவர் இப்போது மறுப்பதாக அறிகிறேன். மறுக்கட்டும். தாயாரைக் கேளுங்கள்.

ஏன் அதைத் திருத்தத் தொடங்கினேன் என்று கேட்கப்பட்டது. முதலில் திருத்தும் எண்ணம் இருக்கவில்லை. முன் மூடியைத் திறந்து பார்க்கவே விரும்பினேன். அது ஒட்டிப்போயிருந்தது. திறக்க நான்கு நாட்கள் சென்றன. திறந்த பின்னர் மூட மனம் வரவில்லை.

எனக்கு வாகன வேலை தெரியாது. பாடசாலையில் இரும்பில் பிடித்த கறளை மின்னோட்டத்தால் எடுக்கும் முறையை மாணவருக்குச் செய்துகாட்ட உதவியிருக்கிறேன். அதையே வீட்டில் ஒரு நீலப் பீப்பாவில் தண்ணீரும் சலவைச் சோடாவும் விட்டு, பற்றரி சார்ஜரை இணைத்துச் செய்தேன். சிறிய பாகங்கள் எல்லாம் அந்தப் பீப்பாவுக்குள் இறங்கி வெளியே வந்தவை. எஞ்சின் இறுகியிருந்தது. பிஸ்ரன்களின் மேல் டீசலும் பிறேக் எண்ணெயும் விட்டு, ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் போக முன்னரும் வந்த பின்னரும் நெம்பிப் பார்த்தேன். எழுபத்தோராம் நாள் ஒரு விரல் அகலம் அசைந்தது. அதன் பின்னர் வெல்டிங் செய்யப் பழகினேன். என் இடது முன்கையில் உள்ள தழும்பு அதனால் ஏற்பட்டது. முதலில் நான் ஒட்டிய தரைத்தகடு, சீற்றில் நான் இருந்தவுடன் என்னோடு சேர்ந்து நிலத்தில் விழுந்தது. திரும்பவும் வெட்டி ஒட்டினேன். பெற்றோலுக்குச் சனம் நாட்கணக்காக வரிசையில் நின்ற வருடம் எஞ்சின் வேலையை நிறுத்தி, நான்கு பக்கமும் தேய்த்துப் பூச்சுக்கு ஆயத்தம் செய்தேன். சீற் உறைகளை நானே தைத்தேன். வேண்டிய உதிரிப்பாகங்களை வவுனியாவில் பழைய பாகங்கள் விற்கும் நவ்பர் என்பவர் தேடித் தந்தார். முதல் தடவை போனபோது அவர் என்னைப் பார்த்து, "ஆரும்மா வேலை செய்யிற பாஸ்? அவரை வரச் சொல்லுங்கோ" என்றார். வேலை செய்வது நான்தான் என்றேன். அதன் பின்னர் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் தமையனார் ஏழு வருடங்களில் ஒரு தடவையாவது வந்து பார்க்கவில்லை.

2024 மார்ச் 3 ஆம் திகதி காலை எஞ்சின் ஓடியது. தாயார் குசினியிலிருந்து ஓடி வந்து, "உதை நிப்பாட்டத் தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பின்னர் இவ்வருடம் மே மாதம் தமையனார் வீட்டுக்கு வந்தார். தன் மகள் லக்சிகாவின் திருமணத்துக்குப் பொம்பிளை மாப்பிளை வந்து இறங்க இந்தக் கார் வேண்டும் என்றார். லக்சிகாவில் எனக்கு விருப்பம் உண்டு. சம்மதித்தேன். கார் நெடுகக் கிடந்தபடியால் வரிப்பத்திரம் இல்லை, எனவே லொறியில் ஏற்றிக்கொண்டு போய் மண்டப வளவுக்குள் மட்டும் ஓட்டுவது என்று கதைத்தோம். நான் பாடசாலையில் நின்ற ஒரு நாள் அவர் திரும்ப வந்து, வரிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று கூறி, அலுமாரியில் இருந்த காரின் பதிவுப் புத்தகத்தைத் தாயாரிடம் வாங்கிச் சென்றார். புத்தகம் இன்னும் தகப்பனாரின் பெயரிலேயே இருந்தது. என்னிடம் அவர் கேட்கவில்லை.

யூன் 8 ஆம் திகதி திருமணம் நடந்தது. காரை மண்டப வாசல் வரை நானே ஓட்டினேன். இறங்கிய பின்னர் பலகாரத் தட்டுத் தூக்கும்படி என்னிடம் கூறினார்கள். தூக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் தமையனாரிடம் காரை யார் திருத்தியது என்று கேட்டார். நான் தட்டுடன் மூன்றடி தூரத்தில் நின்றேன். அவர், "நான்தான் ஆளை வச்சுச் செய்விச்சனான்" என்று கூறினார். திருமண வீடு என்றபடியால் நான் வாய் திறக்கவில்லை. அன்று திறந்திருக்க வேண்டும். அதன் பின்னர், காரைக் கழுவி அடுத்த கிழமை அனுப்புவதாக அவர் கூற, நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

கார் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் லொறி இல்லை என்றார், பின்னர் கடையில் வேலை என்றார், பின்னர் தொலைபேசியை எடுக்கவில்லை. இந்த மாதம் 14 ஆம் திகதி நவ்பர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். புளியங்குளத்துக்கு அண்மையில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு விடுதியில் தேநீர் குடிக்க நின்றதாகக் கூறினார். "தங்கச்சி, கோபப்படாமக் கேளுங்கோ. உங்கட காருக்குள்ள பூக்கண்டு நட்டு வச்சிருக்காங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னேன்.

அதன் பின்னர் தாயாரிடம் கேட்டேன். கார் விற்கப்பட்டது, திருமணம் முடிந்து ஒரு கிழமையிலேயே தனக்குத் தெரியவந்தது என்றார். "அவன் ஆம்பிளைப் பிள்ளை. அவனோட என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். இரண்டு மாதமாக என்னுடன் ஒரே குசினியில் இருந்து சாப்பிட்டவர் இதைக் கூறினார்.

16 ஆம் திகதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் சென்று விடுதி வாசலில் இறங்கினேன். நான் கேட்டுக்கொண்டபடி நவ்பர் தன் சிறிய பட்டா லொறியுடன் வந்திருந்தார். கார் வாசலில் நின்றது. ரயர்கள் கழற்றப்பட்டு வெறும் சில்லுகள் சீமெந்தில் புதைக்கப்பட்டிருந்தன. முன் மூடி இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் மண் நிரப்பிச் சிவப்புப் பூங்கன்றுகள் நட்டிருந்தார்கள். கதவுகளில் மின்குமிழ் மாட்டத் துளைகள் போட்டிருந்தார்கள். துளைகளை எண்ணினேன். இருபத்தாறு. ஒரு குடும்பம் அதன் முன் நின்று படம் எடுத்தது. அவர்கள் எடுத்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

அதன் பின்னர் விடுதி உரிமையாளர் கிருசாந்தனிடம் சென்று நான் யார் என்று கூறினேன். அவர் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. "அக்கா, நான் காசு குடுத்து வாங்கினனான். உங்கட அண்ணாவோட கதையுங்கோ" என்றார். எஞ்சின் எங்கே என்று கேட்டேன். "அது ஓடாத கறள் இரும்புதானே, பின்னால கிடக்குது" என்றார். பின்னால் சென்றேன். சமையலறைக் கழிவுநீர் ஓடும் இடத்தில் எஞ்சின் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. காபரேற்றரின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அதற்குள் தண்ணீர் நின்றது. அதன் மேல் வைத்து விறகு கொத்தியிருக்கிறார்கள். கோடரி பட்ட தடங்கள் இப்போதும் உண்டு.

நான் சத்தம் போடவில்லை. வாசலுக்கு வந்து காருக்குள் இருந்த மண்ணைக் கையால் அள்ளி வெளியே போட்டேன். பூங்கன்றுகளை வேருடன் எடுத்துக் குழாயடி நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு கன்றும் சாகவில்லை. கன்றுகளோடு எனக்குக் கோபம் இல்லை. அழித்தது என்பது பொய், பிடுங்கியது என்பது உண்மை.

இதற்கிடையில் உரிமையாளர் தொலைபேசியில் அழைக்க, ஒரு மணித்தியாலத்துக்குள் தமையனார் வந்தார். "உனக்கென்ன விசரோ? றோட்டில வச்சு என்ர மானத்தை வாங்கிறாய்" என்றார். நான், "என்ர காரை ஆரைக் கேட்டு வித்தனீங்கள்?" என்று கேட்டேன். "உன்ர காரோ? அது அப்பான்ர கார். மூத்த பிள்ளை நான்" என்றார். "வேண்டாம் எண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டேன். அவர் அங்கே நின்ற சமையற்காரரையும் படம் எடுத்தவர்களையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "ஒரு புருசன் பிள்ளை எண்டு இருந்திருந்தால் இவளுக்கு உந்தக் கறள் தேவைப்பட்டிருக்காது" என்று கூறினார்.

அப்போது என் கைகள் இரண்டிலும் ஈரமண் இருந்தது. அதை அவரின் முகத்தில் அப்பினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டாவது தடவை குனிந்து அள்ள வேண்டியிருந்தது. எனவே இது கைதவறி நடந்தது அல்ல.

அதன் பின்னர் நவ்பரும் நானும் சமையற்காரர் இருவரும் எஞ்சினைத் தூக்கிப் பட்டாவில் ஏற்றினோம். பகல் பன்னிரண்டரை மணி. உரிமையாளர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. இவ்விடத்தில் 'திருடிச் சென்றேன்' என்று எழுதப்பட்டிருந்ததை வெட்டி, 'எல்லாரும் பார்க்க ஏற்றிச் சென்றேன்' என்று எழுதும்படி கூறினேன். வெட்டி எழுதப்பட்டுள்ளது.

வீட்டில் எஞ்சினை நான் முன்னர் செய்த மரச்சட்டத்தில் ஏற்றினேன். இன்று விடியற்காலை எழும்பித் தண்ணீரை வடித்து, பிளக்குகளைக் கழற்றி உலர்த்தி, எண்ணெய் மாற்றினேன். காலை பதினொரு மணியளவில் உத்தியோகத்தர்கள் இருவர், விடுதி உரிமையாளருடனும் தமையனாருடனும் எஞ்சினைச் சான்றாக எடுத்துச் செல்ல வந்தனர். பற்றுச்சீட்டில் 'பழைய இரும்பு எஞ்சின் 1' என்று எழுதிக் கையொப்பம் கேட்டனர். பத்து நிமிடம் தரும்படி கேட்டேன். பற்றரியை இணைத்து, போத்தலில் பெற்றோல் தொங்கவிட்டு, எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றினேன். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை ஓடியது. மரச்சட்டம் நடுங்க ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்.

உரிமையாளர் தமையனாரின் பக்கம் திரும்பி, "செத்த எஞ்சின் எண்டெல்லோ அண்ணை சொன்னனீங்கள்? ஓடுற காரெண்டால் நான் ஏன் மண் நிரப்புறன்?" என்று கேட்டார். தமையனார் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது தாயார் வெளியே வந்து உத்தியோகத்தரிடம், "தம்பி, புத்தகத்தை நான்தான் எடுத்துக் குடுத்தனான். வரி கட்ட எண்டு கேட்டவன். விக்கப் போறன் எண்டு சொல்லேல்லை. உவள்தான் உதைச் செய்தவள், வேற ஒருத்தரும் இல்லை" என்று கூறிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் அதை இரண்டு மாதத்துக்கு முன்னர் கூறியிருக்கலாம். நான் அவருடன் இன்னும் கதைக்கவில்லை.

தன் பணத்தைத் தமையனார் திருப்பித் தந்தால் காரைத் தந்துவிடுவதாக உரிமையாளர் உத்தியோகத்தர்கள் முன்னிலையில் கூறியுள்ளார். அது அவர்கள் இருவருக்கும் உள்ள விடயம். நான் தமையனாரிடம் மன்னிப்புக் கேட்டால் இன்றே இணக்கமாக முடிக்கலாம் என்று இங்கு எனக்குக் கூறப்பட்டது. விடுதிக்காரரிடம் பூங்கன்றுகளுக்காக மன்னிப்புக் கேட்கச் சம்மதிக்கிறேன். தமையனாரிடம் கேட்க மாட்டேன். நீதவான் கேட்டாலும் இதையே கூறுவேன். அவர் கூறிய வார்த்தையை அதே விடுதி வாசலில் நின்று திரும்பப் பெறட்டும், அதன் பின்னர் யோசிக்கிறேன்.

பற்றுச்சீட்டில் 'ஓடும் நிலையில் உள்ள மொறிஸ் மைனர் எஞ்சின் 1' என்று மாற்றி எழுதிய பின்னரே கையொப்பமிட்டேன். எஞ்சின் தற்போது இந்த நிலையத்தின் பின்பக்கம் உள்ளது. அதைக் கூரைக்குக் கீழே வைக்கவும், காபரேற்றரின் வாயில் நான் கட்டிய துணியை ஒருவரும் அவிழ்க்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். துளைகள் இருபத்தாறையும் அடைக்க எனக்குத் தெரியும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் வெட்டித் திருத்தினேன். மிகுதி யாவும் நடந்தபடியே உள்ளன. ஒருவரும் சொல்லித் தராமல், பயமுறுத்தாமல், நானாகக் கூறிய உண்மை இது என்று ஏற்றுக் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வீ. பிரியந்தினி