கொரன்டைன் ஆற்றில் ஆளை ஏற்றிய படகுத் தலைவர் ராம்பரன் ஜான்கி அவர்களுக்கு

அலையும் ஆழமும் அறிந்தவரே! அளந்து பேசி, அளக்காமல் உதவியவரே! கொரன்டைன் ஆற்றின் கிழக்குக் கரையில் பிறந்து, மேற்குக் கரையார் மனத்திலும் குடியேறிய குணாளரே! சுரினாமுக்கும் கயானாவுக்கும் நடுவே முப்பத்தோராண்டுக் காலம் நம் படகை நடத்திய நாயகரே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு, சுரினாமின் நிக்கேரித் துறையாரும் கயானாவின் அக்கரைத் துறையாரும் ஒரே தாளில் கையொப்பமிட்டு, ஒரே குரலில் வணக்கம் உரைக்கிறோம்.

வெள்ளம் வந்தபோதும் வேளை தவறாதவர் தாங்கள். வெகுமதி வந்தபோது வேறு பக்கம் பார்த்தவர் தாங்கள். நெல் மூட்டைக்கும் நிறைமாதப் பெண்ணுக்கும் நிழலில் இடம் ஒதுக்கத் தெரிந்தவர் தாங்கள். சிரிப்பில் மட்டும் சிக்கனம் காட்டினீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்கரைத் துறையின் முன்னாள் மேலாளர் பூல்மதி ஹர்நாராயண் அம்மையார், இம்மடலை எழுதத் தொடங்கியபோதே எங்களை எச்சரித்தார்: “ரொம்பப் புகழாதீங்க. அந்த ஆளு நம்பிடுவாரு.” ஆகவே, புகழ்ச்சியை இத்துடன் நிறுத்தி, நடந்ததைச் சொல்கிறோம். அவையோரில் பலர் அன்று பணியில் இல்லை. அவர்களை நோக்கிச் சொல்வதால், சிறிது நேரம் தங்களை ‘அவர்’ என்று குறிப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ராம்பரனும் பூல்மதியும் வயர்லெஸ் கருவியில் சண்டையிட்ட ஆண்டுகள் பல. இருவருடைய பாட்டன்மாரும் கல்கத்தாத் துறையில் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள். ராம்பரனின் பாட்டன் சுரினாமில் டச்சுக்காரரின் கரும்புத் தோட்டத்தில் இறங்கினார், மற்றவர் கயானாவில் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டத்தில் இறங்கினார். அதை வைத்தே வம்பு வளரும்.

“பஹினி, பாட்டன் கொண்டுவந்த பேச்சை அப்படியே ஆத்துல விட்டுட்டீங்களே! ஒரு வாக்கியம் நம்ம பாஷையில ஒழுங்கா வருதா உங்களுக்கு?” என்பார் ராம்பரன். தங்கையைப் பஹினி என்பது அவர்கள் வழக்கம்.

“நாங்க தொலைச்சது பேச்சைத்தான், கேப்டன். நீங்க உப்பையே தொலைச்சிட்டீங்க. உங்க வீட்டுப் பருப்பைச் சாப்பிட்டா ஆஸ்பத்திரி ஞாபகம் வருது” என்பார் பூல்மதி.

படகு கரை சேரும்வரை இது நடக்கும். கரை சேர்ந்தபின் இருவரும் முகம் கொடுத்துப் பேசியதை யாரும் அதிகம் கண்டதில்லை.

ஓராண்டு மழைக்காலத்தில் இரு நாட்டு மேலிடங்களுக்கிடையே ஏதோ பிணக்கு. சரக்கை ஏற்றலாம், ஆளை ஏற்றக்கூடாது என்று இரு கரைக்கும் உத்தரவு வந்தது. உரமும் உருளைக்கிழங்கும் ஆற்றைக் கடந்தன. மனிதர் மட்டும் கரையில் நின்றனர். அப்படி ஒரு காலை, ராம்பரன் அக்கரையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, லோக்நாத் என்ற மர அறுவை மில் தொழிலாளி துறையின் வாயிற்கம்பியைப் பிடித்தபடி நின்றான். அவன் தாய் நிக்கேரியில் மகள் வீட்டில் முந்தின இரவு இறந்திருந்தாள். அவளுக்கு அவன் ஒரே மகன். பொழுது சாய்வதற்குள் கடற்கரையில் சிதைக்கு அவன் தீ வைக்க வேண்டும்.

“சாச்சா, மூட்டையோட மூட்டையா என்னையும் போட்டுட்டுப் போயிடுங்க” என்று சித்தப்பா முறை வைத்துக் கெஞ்சினான் அவன்.

துக்கம் விசாரிப்பது ராம்பரனுக்கு எப்போதும் வராது. நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

“என்ன சொல்லுது உங்க உத்தரவு?”

“உங்க பக்கத்து உத்தரவு சொல்றதையேதான் சொல்லுது. ஆளை ஏத்தக்கூடாது” என்றார் பூல்மதி.

“படகுல வேலை செய்யறவன்?”

“அவன் ஆளில்லையே, படகுக்காரன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ராம்பரன் திரும்பி வந்து, கயிறு பிடிக்கும் சாகிமானை அழைத்தார். சாகிமான் ஜாவாத் தீவிலிருந்து இதேபோல் ஒப்பந்தத்தில் வந்தவரின் பேரன். எதையும் இரண்டாம் முறை சொல்ல வைக்காதவன். படகுக்காரருக்குரிய தன் ஆரஞ்சு நிறச் சட்டையைக் கழற்றி லோக்நாத்திடம் நீட்டினான்.

“நீ இங்கேயே மாட்டிக்குவடா. இந்தக் கரையில உன்கிட்ட ஒரு காகிதமும் இல்ல” என்றார் ராம்பரன்.

“நாளைக்கு வருவீங்கல்ல? வந்து கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் மேலாளர் அம்மா சோறு போடுவாங்க. உப்பு இருக்கும்” என்றான் சாகிமான்.

ஆற்றின் நடுவில் ராம்பரன் சுக்கானைப் பிடித்தபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். லோக்நாத் படகுச் சுவரில் சாய்ந்து, வாயைச் சட்டையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தன் தாய்க்குத் தாம் தீ வைத்த நாள் ராம்பரனுக்கு நினைவு வந்தது. கையிலிருந்த கட்டையைவிட நெய் வாசனைதான் நினைவில் தங்கியிருந்தது. உரிமம் போனால் வேறு தொழில் தெரியாது என்பதும் நினைவு வந்தது. படகின் வேகத்தைக் கூட்டினார்.

நிக்கேரித் துறையில் ஆய்வாளர் பிஸ்நாத் நின்றிருந்தார். படகுக்காரர்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால், லோக்நாத் வீசிய கயிறு தூணில் விழாமல் தண்ணீரில் விழுந்தது. மறுபடியும் வீசினான், மறுபடியும் தண்ணீர்.

“யாரு இவன்?”

பொய் சொல்ல ராம்பரனுக்கு வாய்ப்பிருந்தது. “அக்கரை ஆளு. அம்மா செத்துட்டாங்க. மகன் வந்து நெருப்பு வைக்கணும்னு காத்துக்கிட்டிருக்காங்க” என்றார்.

பிஸ்நாத் குறிப்பேட்டைத் திறந்தார். “நான் எழுதத்தான் செய்வேன், கேப்டன்.”

“எழுதுங்க. முதல்ல அவனை விடுங்க.”

“விட்டுட்டுத்தான் எழுதுவேன்.”

அன்று மாலை மழை சற்றே ஓய்ந்தது. தாய்க்கு மகன் தீ வைத்தான். மறுநாள் காலை சாம்பல் கரைத்துவிட்டு வந்தவனை, அதே ஆரஞ்சுச் சட்டையுடன், ஆய்வாளரிடம் சொல்லிவிட்டே ராம்பரன் ஏற்றிச் சென்றார். சாகிமானைத் திருப்பி அழைத்து வந்தார். அக்கரையில் இறங்கியபோது லோக்நாத் அவர் காலைத் தொடக் குனிந்தான். “காலை விடு. கயிறு வீசக் கத்துக்கோ” என்றார் அவர்.

ஒரு மாதம் கழித்து, வழி திறந்தபின், நிக்கேரியில் விசாரணை நடந்தது. சாகிமானுக்குக் காய்ச்சல், அதனால் மாற்றாள் வைத்தேன் என்று சொல்லும்படி நண்பர்கள் எடுத்துச் சொல்லியும் ராம்பரன் கேட்கவில்லை. அவர் நடந்ததைச் சொல்லி முடித்த வேளையில் கதவைத் திறந்துகொண்டு பூல்மதி உள்ளே வந்தார். சொந்த விடுப்பில், சொந்தச் செலவில்.

“அம்மா, உங்களை நாங்க கூப்பிடலியே?” என்றார் தலைமை அதிகாரி.

“கூப்பிடாத வீட்டுக்குப் போற பழக்கம் எனக்கு இல்லீங்க. இன்னிக்கு வந்திருக்கேன். அவன் என் கரையிலேருந்து, என் கண்ணு முன்னாடி ஏறினான். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் விட்டேன். இவருக்கு என்ன தண்டனையோ, அதுல பாதி என்னுது. எங்க ஆபீஸ்லயும் இதையே எழுதிக் கொடுத்துட்டுத்தான் வர்றேன்.”

“யாரும்மா இவரு உங்களுக்கு?”

“யாருமில்ல. தினமும் சண்டை போடுவேன்.”

ராம்பரன் அன்று தலை நிமிரவேயில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அருகிலிருந்த சாகிமான் சொல்கிறான்.

தண்டனை வந்தது. ராம்பரன் ஆறு மாதம் சுக்கானைத் தொடக்கூடாது; துறையில் நின்று மூட்டைகளை மேற்பார்க்க வேண்டும். பூல்மதி ஒரு பருவம் முழுதும் பின்கட்டு அறைக்கு மாற்றப்பட்டார். தம் படகை வேறொருவர் தூணில் உரசி நிறுத்துவதை ராம்பரன் நாள்தோறும் பார்த்தார்; பற்களைக் கடித்தார்; ஒருவரிடமும் முறையிடவில்லை.

ஆனால், அந்த ஆண்டு முடிவதற்குள், வழி அடைத்த நாளிலும் இழவுக்குப் போகிறவரைத் தடுப்பதில்லை என்ற ஒரு வரி இரு கரை விதிகளிலும் ஏறியது. அதற்குப் பரிந்துரைத்தவர் யாரென்று பின்னர்தான் தெரிந்தது: ஆய்வாளர் பிஸ்நாத். ராம்பரனைக் குற்றஞ்சாட்டி எழுதிய அறிக்கையின் கடைசிப் பத்தியில் அவரே அதை எழுதியிருந்தார். அதன்பின் இந்த ஆற்றைத் துக்கத்தோடு கடந்தவர் பலர். அவர்களில் பெரும்பாலோர், படகுத் தலைவரே, தங்கள் பெயரை அறியார்.

பெருந்தகையீர்! இரு நாடுகளின் நட்பைப் பற்றி மேடைகளில் பேசுவோர் பேசட்டும். அது எத்தகையது என்பதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும், பேரப்பிள்ளைகள் சூழத் தாங்கள் வாழ்க! தங்கள் இல்லத்துப் பருப்பில் சுவை ஓங்குக!

நாளை காலை தாங்கள் முதன்முறையாகப் பயணியாக நம் படகில் ஏறுவீர்கள் என்று அறிகிறோம். சுக்கான் பிடிக்கும் ஓட்டறைக்குள் பயணிகள் வரக்கூடாது என்ற பலகையை மாட்டியவர் தாங்களே. பலகை அங்கேயேதான் இருக்கும். கதவைத் தாழிட மாட்டோம்.

இங்ஙனம்,
தங்களோடு ஆற்றைக் கடந்த
இரு கரைப் பணியாளர்கள்
நிக்கேரித் துறை