மச்சான் பிடித்த கயிறு

மதியம் இரண்டு மணி. முள்ளக்காடு தாண்டி உப்பளத்து ரோடு. அம்பாரம் அம்பாரமாய் உப்பு... வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. ஈ, காக்கை கிடையாது என்று கதையை ஆரம்பித்தான் மெல்வின்.

"மத்தியானமா?" என்றான் ராஜபாண்டி. "ஏலே, ஒன் பேய்க்கு நைட் ஷிப்ட் கிடையாதோ?"

ராத்திரி நேரம், துறைமுக கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. விடியும்வரை நகராது என்று சொல்லிவிட்டார்கள். நாலைந்து டிரைவர்கள் வாடைக்காற்றுக்கு ஒரே தார்ப்பாய்க்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். ராஜபாண்டிக்குப் பிரஷர். டாக்டர் தியானம் செய்யச் சொல்லியிருந்தார். சற்றுமுன் அவன் கேபினில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். மெல்வின்தான் கதவைக் குத்தி எழுப்பினான்.

"சிரிக்காதலே. எங்க சித்தப்பா மகன் இனிகோவுக்கு நடந்தது. அவனே எங்கிட்ட சொன்னது... கடைசிய மட்டும் அவன் சொல்லல."

இனிகோ சங்கு குளிக்கிற ஆள். பி.காம். முடித்தும் கடலை விடவில்லை. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். மறுமுனை படகில் ஒருவன் கையில். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அந்த ஒருவன் மச்சான்தான், பெண்டாட்டியோடு பிறந்தவன். கயிற்றை விட்டால் அறுவது அவன் தங்கச்சி தாலி. அதனால் விடமாட்டான். வேறு காரணம் கிடையாது.

இனிகோவுக்குக் கயிறு பிடித்தவன் ஜாக்சன். இனிகோ பெண்டாட்டி அனிஷாவின் அண்ணன். நீல நைலான் கயிறு. இடுப்பை அறுக்காமல் இருக்க, அனிஷா தன் மஞ்சள் சேலையைக் கிழித்து அதில் சுற்றிக் கொடுத்திருந்தாள்.

அனிஷா காய்ச்சலில் போய்விட்டாள். ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். "காலைல போவோம்" என்றான் இனிகோ. காலையில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் ஜாக்சன் அந்தக் கயிற்றைச் சுருளோடு கொண்டுவந்து இனிகோ காலடியில் எறிந்தான்.

"ஒன்னய மேல தூக்க எனக்கு இனி என்னலே இருக்கு?"

இனிகோ குனியவில்லை. ஜாக்சனே அள்ளிக்கொண்டு போனான். அடுத்த மாதம் முயல்தீவுக்கு வெளியே அவன் படகு கவிழ்ந்தது. உடம்பு கிடைக்கவில்லை. கயிறும்தான்.

இனிகோ உப்பளத்தில் கணக்கு வேலைக்குப் போனான். தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் தியானத்துக்குப் போன் செயலி ஒன்றைச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொள்வான். ஒரு பெண் குரல். உங்களுக்கு மிகவும் அமைதியான இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்...

அவனுக்குத் தெரிந்த அமைதி ஒன்றுதான். கடலடி. மனசுக்குள்ளேயே இறங்கினான். காது அடைத்தது. மேலே படகின் நிழல். இடுப்பிலிருந்து கயிறு அதை நோக்கிப் போனது. மேலே பிடித்திருப்பது யார் என்று அவன் யோசிக்கவில்லை. இறங்கினால் கயிறு இருக்கும். பழக்கம்.

நெஞ்சு அடங்கியது. ராத்திரி தூங்கினான். ஒரு வாரம் சொர்க்கம்.

அப்புறம் அந்த மதியம். மெல்லக் கண்களைத் திறங்கள் என்றது குரல்.

திறக்க வரவில்லை.

கயிற்றைச் சுண்டினான். சுண்டினால் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். தூக்கவில்லை. மறுபடி சுண்டினான். கயிறு தொய்ந்தது. பிறகு... கீழே வந்தது. சுற்றுச் சுற்றாக, நிதானமாக. தோளில் விழுந்தது. கழுத்தில் விழுந்தது. மேலே எவனோ அவசரமே இல்லாமல் விட்டுக்கொண்டிருந்தான். காதில் பெண் குரல் இல்லை.

"காலைல தூக்குதேன், மாப்ள."

உப்பு அள்ளுகிற பேச்சிச்செல்வி தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் வந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவனின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"மூச்ச விடும்! அண்ணாச்சி, மூச்ச விடும்!"

விட்டான். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கொட்டகை முழுக்க அழுகிய சங்குச் சதை வாடை. சட்டையைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு தடம்.

செயலியை அன்றே அழித்துவிட்டான். பயனில்லை. மனசு கொஞ்சம் அடங்கினாலே போதும், காது அடைக்கும். பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டால் அடைக்கும். பூசையில் நன்மை அப்பம் வாங்கியபிறகு கோவிலில் ஓர் அமைதி வருமே... அதற்கு முன்பே எழுந்து வெளியே ஓடுவான். வீட்டில் டிவி அலறும். தூக்கத்தில் கண் சொருகினால் பச்சை மிளகாயைக் கடிப்பான். டீக்கடையில், பஸ்ஸில், யாரிடமாவது வம்பு. மூர்க்கன் என்றது ஊர். அந்தக் கோபத்தில்தான் அவன் மிதந்துகொண்டிருந்தான்.

ஒரு நாள் அப்படியொரு சண்டையில் அவன் மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரியில் நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை.

"தூங்க வைக்காதீங்க! ஏட்டி, அந்த ஊசிய கீழ போடு! கொன்னுருவேன் ஒன்னய!"

கிளாடிஸ் என்று ஒரு நர்ஸ். எத்தனையோ பேரைப் பார்த்தவள். "அமைதியா இருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டாள். முகம் தளர்ந்தது. கையை விரித்தான். ரொம்ப நாள் கழித்துப் பிள்ளை மாதிரி கிடந்தான். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இனிமே தொந்தரவு இல்ல. காலைல பாப்போம்."

மெல்வின் நிறுத்தினான். ராஜபாண்டி பீடியைப் பற்ற வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

விடிந்ததும் கிளாடிஸ்தான் முதலில் போனாள். படுக்கை நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது... சொட்டு, சொட்டு... போர்வையை விலக்கினாள். உதடு நீலம் பாரித்து, மூச்சு நின்றிருந்தது. இடுப்பில் நீலக் கயிறு. முடிச்சடியில் மஞ்சள் சேலைக் கிழிசல்.

எதில் கட்டியிருக்கிறது என்று பார்க்கக் கயிற்றை இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கட்டிலில் கட்டியிருக்கவில்லை. ஜன்னலிலும் இல்லை. கடைசியில் மறுமுனையும் அவன் நெஞ்சின் மேல்தான் கிடந்தது.

கயிறு முழுக்க ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. அந்த முனையில் மட்டும்... ஒரு பிடியளவு... கைச்சூடு இருந்தது.