உருளாத கல்

– மிக்சர நிறுத்துங்கம்மா. இன்னும் ஒரு கல்லு வார்த்தியன்னா நான் அச்சுக்குள்ளயே ஏறிப் படுத்துக்கிடுவேன்.

– ரோச் அண்ணாச்சி, காலங்காத்தால வம்பா? முப்பது கல்லு வார்த்தாச்சு, இன்னும் எழுபது. அதாவது, இதக் கடலடியில இறக்குனாத்தான் மீன் வந்து அடையும். மீனே இல்லன்னு ஊர்க்கமிட்டியில அழுதது நீங்கதான?

– அழுதேன். அதுக்குத்தான் சொல்லுதேன், இந்தச் சதுரக்கட்டி வேண்டாம்.

– கனச்சதுரம் அண்ணாச்சி. ஆறு முகமும் ஒண்ணுபோல. எப்படி விழுந்தாலும் உக்காந்துக்கிடும். இஞ்சினியர்னு நான் யோசிக்காமலா போட்டேன்?

– அதுதாம்மா வினை. எப்படியும் உக்காரும்னா எப்படியும் புரளும், கேட்டியளா? விசைப்படகு வலை கொளுவி இழுத்துச்சுன்னா பகடை மாதிரி உருண்டு போவும். போன வருசம் போட்ட கல்லு எங்க?

– அலை புரட்டிருச்சுன்னு ஆபீஸ்ல எழுதியிருக்கு.

– அலையாம் அலை! அந்த ஆழத்துல என்னம்மா அலை?

– சரி. மனசுல ஒரு உருவத்த வச்சிட்டுத்தான வந்திருக்கிய? சொல்லுங்க.

– உப்பளத்துல உப்பக் குவிச்ச அம்பாரம் கிடக்கும்லா? மேல கூரு, கீழ அகலம், நெடுக ஒரே மாதிரி. லேசாத் தூக்குனாலும் பழைய இடத்துலயே உக்காரும்.

– எங்க ஊரு வைக்கப்படப்பும் அப்படித்தான். அது முக்கோணப் பட்டகம். அதாவது, ரெண்டு தலைப்புலயும் ஒரே முக்கோணம், நடுவுல மூணு செவ்வகம். நல்ல உருவம்தான். ஆனா அச்சு? புதுசாச் செய்ய ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள மழ வந்துரும், வேலை நின்னுரும்.

– இருக்குத அச்சுல மூலைக்கு மூலை ஒரு பலகையச் செருவுங்க.

– குறுக்கயா? இருங்க... கனச்சதுரத்த மூலைவிட்டத்துல பிரிச்சா... ரெண்டு பட்டகம்! அதே சிமெண்டு, ஒரு அச்சுல ரெண்டு கல்லு. சே, படிச்ச எனக்குத் தோணலையே! பலகை பட்ட முகம்தான் அகலம், அது தரையில இருக்கணும்.

– கூருல கொக்கி வச்சு வாருங்க. கிரேன்ல தொங்கும்போதே அகலம் கீழ வந்துரும்.

– பேபியக்கா, மிக்சர நிறுத்துங்க! பலகை அறுக்கச் சொல்லுங்க! வார்த்த முப்பதயும் கரையில அலையத் தடுக்குத தூண்டில் வளைவுக்குக் கொடுத்துருவோம். மேல இருந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன், மெமோ வந்தாலும் வரட்டும். அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. நீங்க சங்கு குளிக்க முங்குதவரும் இல்ல. கடலடியில கல்லு புரண்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– புரட்டுனது நாந்தாம்மா. நான் விசைப்படகு டிரைவரு. வலைக்கு இடைஞ்சல்னு ஒண்ணொண்ணாக் கம்பியில இழுத்துத் தள்ளுனேன். இப்ப மீன் அடைய இடமில்லாம எங்கண்ணன் வத்தைப் படகு வெறுசாத் திரும்புதத பாத்தா வயிறு எரியுது. நாளைக்கும் அந்தப் படகத்தான் ஓட்டணும், வேற பொழப்பு தெரியாது. அதனால நானே இழுத்தாலும் புரளாத கல்லா வாருங்க.