பாக்கெட்டின் பின்பக்கம்

இருந்தவர்கள்: வேணு, மத்திய அரசு ஊழியர், சிறுநீரக நோயாளி, நான்கு மாதமாக மருத்துவ விடுப்பில். அவர் மனைவி லீலாவதி, திருநெல்வேலிக்காரி. மகள் ஸ்ம்ருதி, டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கடைசியில் போனில் மட்டும், கீழ்வீட்டுக் கோமளா, சேஷுவின் மனைவி.

இடம்: கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ், மூன்றாவது மாடி. காலை எட்டரை.

— அம்மா, லேப்லேர்ந்து மறுபடி போன். அப்பாவுக்கு பொட்டாசியம் ஏழு. ஹார்ட் எப்ப வேணா நின்னுடுமாம், உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. டாக்ஸி ஆறு நிமிஷத்தில வருது. என்ன சாப்பிடக் குடுத்தே? ஜல்தி சொல்லு.

— ஏட்டி, நான் என்னத்தக் குடுத்தேன்? நாலு மாசமா ஒரு கல் உப்புப் போடல. வாழப்பழம் கெடையாது, எளநி கெடையாது. உருளக்கெழங்க ரெண்டு தடவ வேகவச்சு, அந்தப் பொட்டாசியம் எறங்கட்டும்னு தண்ணியக் கொட்டிட்டுல்லா கறி வைக்கேன். டாக்டரம்மா எழுதிக் குடுத்த தாளு பிரிட்ஜில ஒட்டியிருக்கு, போய்ப் பாரு.

— சாட்சிக்கு நான் இருக்கேன் ஸ்ம்ருதி. ரூல்படிதான் எல்லாம். மாட்டுக்குக்கூட இதவிட ருசியா வைப்பாங்க.

— சும்மா கெடங்க நீங்க. காலு எப்படி இருக்கு?

— ராத்திரிலருந்து மரத்துக் கெடக்கு லீலா. வேற எவனோ காலக் கொண்டாந்து ஒட்டுன மாதிரி.

— அப்பா, வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா? சமோசா, கேன்டீன்? மறைக்காதீங்க.

— லீவுல கெடக்கவனுக்கு ஏது கேன்டீன்? அம்மா கலக்கித் தார சூப்பு ஒண்ணுதான் வாய்க்கு வெளங்குது.

— என்ன சூப்?

— பாக்கெட் சூப்புதாம்ட்டி. சுடுதண்ணி ஊத்துனா போதும். உப்புக் கம்மியானது. ஐ.என்.ஏ. மார்க்கெட்ல நின்னுக்கிட்டு உனக்குத்தானே போட்டோ அனுப்புனேன்? லோ சால்ட், அச்சா ஹை, எடுத்துக்கோன்னு நீதானே சொன்ன?

— முன்பக்கம்தானே அனுப்பினே. பாக்கெட்டைக் கொண்டா.

— இந்தா. ஹார்ட்டுப் படம்லாம் போட்டு நல்லாத்தான் இருக்கு.

— லைட்டைப் போடு. இவ்வளவு பொடி எழுத்தில யார் படிப்பா... பொட்டாசியம் குளோரைடு. மத்லப், அதாவது உப்பை எடுத்துட்டு அந்த இடத்தில இதைப் போட்டிருக்கான். இதுவும் கரிக்கும். கிட்னி நோயாளிங்க டாக்டரைக் கேக்காம சாப்பிடக் கூடாதுன்னு கீழேயே போட்டிருக்கு.

— அப்ப நான் வேகவச்சு வேகவச்சுக் கொட்டுனது?

— அதைத்தான் கப்ல கலக்கித் திருப்பிக் குடுத்திருக்கோம். ஒரு நாளைக்கு எத்தனை?

— மூணு. சில நாள் நாலு. அவிய கேப்பாவ, எப்படி இல்லன்னு சொல்ல?

— அவள விடு ஸ்ம்ருதி. நோட் பண்ணிக்கோ, கேட்டது நான்.

— டாக்ஸி வந்துடுச்சு. அப்பா, என் தோள்ல கையைப் போடுங்க. மெதுவா. அம்மா, வா, ஏன் அங்கயே நிக்கறே?

— பெட்டியாத்தான் வாங்குனோம். நானும் கீழ்வீட்டுக் கோமளாவும். பாதிப் பாதி.

— சேஷு அங்கிளுக்கா?

— அவருக்கும் இதே சீக்குதானே. ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரு. யோசிச்சுக்கிட்டு நின்னவள நான்தான் வாங்கவச்சேன். போனப் போடு, சத்தமா வையி.

— ரிங் போகுது... ஆன்ட்டி, நான் ஸ்ம்ருதி. அங்கிள் எப்படி இருக்கார்?

— நல்லாத்தான் இருக்கார் கண்ணு. காலைலேர்ந்து கால் மரத்துப்போச்சு, எழுந்திருக்க முடியலன்னு ஒரே முனகல். தெம்பு வரட்டும்னு உங்கம்மா சொன்ன சூப்பை ரெண்டு கப் குடிக்கவெச்சேன், பிளாஸ்க் நிறையவும் கலந்து பக்கத்தில வெச்சிருக்கேன். வழக்கம்போல வெளியில பூட்டிக்கிட்டு, இப்பதான் ஆபீசுக்கு மெட்ரோ ஏறினேன்.