ஏழு விளக்குக்கும் கம்பி இல்லை

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்த்து அமர்ந்திருக்கும் கலை இயக்குநர் ஐயா அவர்களே, பிள்ளை கம்ப்யூட்டரில் விளையாடுகிறதா வேலை செய்கிறதா என்று இன்றுவரை புரியாமலே தேநீர் கொண்டுவந்து வைக்கும் தாய்மார்களே, புரிந்ததுபோல் தலையாட்டும் தந்தையரே, திரைக்குள் தெரு சமைக்கும் தோழர்களே, தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எந்த ஆன்லைன் வகுப்பில் சேரலாம் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். என்ன வகுப்பு என்று அந்த அம்மா கேட்கிறார். சொல்கிறேன் அம்மா. வீடியோ கேமுக்குள் நாயகன் ஓடுகிறானே, அவன் ஓடும் தெருவை, தாண்டும் சுவரை, ஒளியும் பீப்பாயைச் செய்பவர்கள் நாங்கள். நாயகனுக்குக் கைதட்டல், எங்களுக்குக் கழுத்துவலி.

இந்தக் கலைக்காக நான் முடித்த வகுப்புகள் பதினொன்று. கல்லுக்கு ஒரு வகுப்பு, கதவுக்கு ஒரு வகுப்பு, கறைக்கு ஒரு வகுப்பு. ஆசிரியர் அழுத்திய பொத்தானை அழுத்தினேன், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். கடைசி வகுப்பில் மழை நனைத்த ஒரு சந்து செய்தேன். சிவப்புக் கதவு, இரண்டு பீப்பாய், மேலே ஒரு விளக்கு. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அதைத் தூக்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஓராண்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளுக்கு அந்தச் சந்துதான் ஒரே வழி.

தேர்வு அறையில் இருந்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் ஏழு படங்கள். ஏழும் மழை நனைத்த சந்து. ஏழிலும் சிவப்புக் கதவு.

"இதுல உங்களோடது எதும்மா?" என்று கேட்டார்.

பெற்றவள் பிள்ளையைத் தேடுவதுபோலத் தேடினேன். மூன்றாவதைக் காட்டினேன்.

"அது நேத்து வந்தவரு அனுப்பினது. உங்களோடது அஞ்சாவது" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம் கண்விழித்துச் செய்ததே எனக்கு அடையாளம் தெரியவில்லையே, அது என்னுடையதாக எப்போது இருந்தது?

அவர் விடவில்லை. "விளக்கு எரியுது, சரி. கரண்டு எங்கேருந்து வருது?" என்றார். பார்த்தேன். ஆசிரியர் அவசரத்தில் கம்பி வரைய மறந்திருக்கிறார். நானும் வரையவில்லை. ஏழு பேரும் வரையவில்லை. ஏழு பேரும் ஒரு ஆணி விடாமல் பார்த்துச் செய்தோம், ஒருவர்கூட விளக்கைப் பார்க்கவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் எனக்கு ஆறவில்லை. கேள்வி கேட்ட அந்தப் புண்ணியவான் யார் என்கிறீர்களா? இதோ, தலைமை நாற்காலியில் ஒன்றும் தெரியாதவர்போலத் தண்ணீர் குடிக்கிறார்.

அதன்பிறகு வகுப்பைத் தேடும் விதமே மாறியது. ஆசிரியரின் படத்தை நான் பார்ப்பதில்லை, அவரிடம் படித்தவர்களின் படங்களைத் தேடிப் பார்க்கிறேன். பத்துப் பேர் படமும் ஒரே அச்சாக இருந்தால் ஓடிவிடுங்கள். பத்தும் பத்து விதமாக இருந்தால் உள்ளே போங்கள். உங்கள் வேலையைத் திறந்து பார்த்து, இது தப்பு என்று சொல்ல அங்கே ஆள் உண்டா என்று கேளுங்கள். எனக்கு எது வரும் என்று வகுப்பு தேடாதீர்கள், எது வரவில்லை என்று தேடுங்கள். எனக்கு வராதது ஒன்றே ஒன்று, பார்ப்பது.

அப்படித் தேடிச் சேர்ந்த பன்னிரண்டாவது வகுப்பில் முதல் பாடம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை மூடு. தெரிந்தவர் ஒருவர் வேலை செய்யும் அறைக்குப் போய் அளந்து வா. அவ்வளவுதான்.

என் அக்கா ஒரு மருத்துவமனையின் சலவை அறையில் வேலை செய்கிறாள். அளவு நாடாவோடு போய் நின்றேன்.

"வீட்ல ஒரு தலகாணி உறைய மடிக்கத் தெரியாது, இங்க வந்து தரைய அளக்குறியா?" என்றாள்.

நீராவி, சோப்பு வாடை, சுவரெல்லாம் பூத்த உப்பு. எல்லாவற்றையும் குறித்தேன். மடிக்கும் மேசைக்கு முன்னால் மட்டும் சிமெண்டுத் தரை இரண்டு இடத்தில் குழிந்து வழவழவென்று இருந்தது.

"இங்க மட்டும் ஏன்க்கா இப்படித் தேஞ்சிருக்கு?"

"நான் நிக்கிற இடம்டி."

"எத்தனை வருஷமா?"

"நீ காலேஜ் சேர்ந்ததுலேருந்து" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

பதினான்கு ஆண்டுகள். நான் நாற்காலியில் அமர்ந்து படித்து, அடுத்தவர் செய்த தெருவைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்த காலமெல்லாம், ஒருத்தி நின்று நின்று சிமெண்டைத் தேய்த்திருக்கிறாள். ஒரே வீட்டில் உண்டு, ஒரே அறையில் உறங்கியவளுக்கு அது தெரியவில்லையே. பார்க்கத் தெரியாத கண்ணுக்குப் பதினொரு வகுப்பு என்ன செய்யும், நூற்றுப்பத்து வகுப்புதான் என்ன செய்யும்?

அந்த அறையை அப்படியே செய்தேன். கம்பி எந்தச் சுவரில் ஏறி எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்பது வரை செய்தேன். மறுபடி ஐயாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். படத்தில் மனித உருவமே கிடையாது. வெகுநேரம் பார்த்தவர், தரையில் அந்த இரண்டு குழிகள்மேல் விரலை வைத்தார்.

"இங்க நின்னது யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா சார்" என்றேன். வேறு கேள்வி அவர் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

பொறுமையாகக் கேட்ட சபைக்கும், அழைத்த நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அக்கா வந்திருக்கிறாள், முன்வரிசையில் ஓரமாக இருக்கிறாள். மேடையில் இப்படிச் சொன்னால் அவளை எழுந்து நின்று வணங்கச் சொல்வது வழக்கம். நான் சொல்ல மாட்டேன். அவள் நின்றது போதும். நீங்கள் எழுந்திருங்கள். வணக்கம்.